அம்பின் ஷாஃப்டை எதில் வெட்டுவது: ஹேக்சா, பைப் கட்டர், கிரைண்டர், மினி மோட்டார்

அம்புக்கான புது கார்பன் ஷாஃப்ட், அதாவது தண்டு, ஒரு டஜன் வந்து இறங்கியது. எல்லாம் 32 அங்குலத்துக்குப் பக்கம். எனக்கு வேண்டியது 29, அதுவும் நாக் (அம்பின் பின்முனையில் நாண் உட்காரும் துண்டு) பள்ளத்திலிருந்து அளந்தால். மிச்சத்தைக் கழிக்க மதுரையில் கைக்கு எட்டிய வழிகளை எல்லாம் பார்த்துவிட்டேன்.

ஹேக்சா மலிவு, எந்த வீட்டிலும் இருக்கும். இந்தியன் ரவுண்டு என்ற மூங்கில் வில் போட்டிப் பிரிவுக்கு வைத்திருக்கும் மூங்கில் அம்பு என்றால் டேப் சுற்றி, மெதுவாக அறுத்து, உப்புத்தாளில் தேய்த்தால் வேலை முடிந்தது. அலுமினியத்தையும் அங்குலத்துக்கு 32 பல் உள்ள பிளேடு ஒப்பேற்றிவிடும். கார்பனுக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். பல் நாரை வெட்டாது, பிய்க்கும். அறுத்த முனையை விரலால் தடவிப் பார்த்தேன். ஏறிய சிலாம்பு இரண்டு நாள் வலித்தது.

பைப் கட்டர் நேராக வெட்டுமே என்று ஆசை வரும். அது வெட்டுவதில்லை, சக்கரத்தை வைத்து நெரிக்கிறது. அலுமினியத்தில் விளிம்பு உள்பக்கம் மடங்கி, அம்பு முனையைப் பொருத்த உள்ளே செருகும் இன்செர்ட் நுழையாது. சுரண்டி எடுத்தால் சரியாகும். கார்பனில் வெடிப்பு வெளியே தெரியாமல் உள்ளே ஓடும். நாலில் ஆபத்தானது இதுதான் என்பேன், ஏனென்றால் பார்க்க அழகாக இருக்கும்.

அப்புறம் வெல்டிங் பட்டறை. 4 அங்குல கிரைண்டர், 1 மி.மீ. டிஸ்க். வேகத்துக்குக் குறையே இல்லை, கார்பனுக்கு வேண்டியதும் தேய்த்து வெட்டும் இந்த மாதிரி டிஸ்க்தான். ஆனால் ஷாஃப்டைக் கையில் பிடித்து ஒரே பக்கமாக இறக்கினார்கள். முனை சாய்ந்து, பிசின் கருகிய வாடையோடு வந்தது. மூன்று போச்சு.

தெற்காவணி மூல வீதிப் பக்கம் தெரிந்த நகைப்பட்டறையில் மேலே தொங்கவிட்ட சின்ன மோட்டாரைப் பார்த்ததும் கேட்டுவிட்டேன். ஆசாரி சிரித்தார்: "தம்பி, இங்க கூட்டுற தூசியே எங்களுக்குக் காசு. அதுல உன் கரியைக் கலந்துடாத."

நியாயம்தான். கடைசியில் அதே ஜாதி மினி மோட்டார் ஒன்றை வாங்கி, பலகையில் கிளாம்ப் போட்டு அசையாமல் நிறுத்தினேன். ஷாஃப்ட் உட்கார இரண்டு V வெட்டுக் கட்டை, நாக் முட்டி நிற்க ஒரு தடுப்பு. இந்தத் தடுப்புதான் உயிர். எல்லாம் ஒரே நீளம் வருவது அதனால். வெட்டும் இடத்தில் மாஸ்கிங் டேப். டிஸ்க் முழு வேகம் பிடித்த பிறகு ஷாஃப்டைத் தொடவிட்டு, அழுத்தாமல், விரலால் உருட்டிக்கொண்டே வெட்ட வேண்டும். ஒரு சுற்று முடியும்போது துண்டு தானாக விழும். நார் போட்டு வலுவூட்டிய டிஸ்க் வாங்குங்கள்; மெல்லிய சாதா டிஸ்க் கொஞ்சம் கோணினாலும் உடைந்து பறக்கும். கண்ணாடி போடாமல் சுவிட்சைத் தொடாதீர்கள்.

கார்பன் தூசியை மூச்சில் இழுக்கக் கூடாது. N95 மாஸ்க், ஃபேன் நிறுத்தம், ஈரத்துணியால் துடைப்பு. ஆடிக்காற்றில் மொட்டைமாடியில் வைத்து வெட்டினேன். காயப்போட்டிருந்த வேட்டியில் கறுப்பு மை. வீட்டில் வாங்கிக்கட்டிக்கொண்டது தனிக்கதை.

வெட்டியதும் 400 உப்புத்தாளில் முனையை லேசாகத் தேய்த்து, இரு முனையையும் பிடித்து வளைத்து, கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பிக் காதோரம் கேளுங்கள். 'நொறுக்' என்றால் தயங்காமல் உடைத்துப் போடுங்கள். விடும்போது உடைகிற ஷாஃப்ட் வில் பிடித்த கையில்தான் ஏறும்.

நீளம் குறைந்தால் ஷாஃப்ட் விறைப்பாகும் என்பதால் முதலில் 30-இல் வெட்டி எய்து பார்த்து, பிறகுதான் 29-க்கு இறங்கினேன். வருஷத்துக்கு ஒரு டஜன் மட்டும் வாங்குகிறவர் மோட்டார்கூட வாங்க வேண்டாம். ஆர்டர் போடும்போதே நீளத்தைச் சொன்னால் வெட்டிக் கொடுக்கிற கடைகள் உண்டு. நாக் பள்ளத்திலிருந்து அளந்த நீளம் என்று சொல்லிவிடுங்கள்.