எஸ்யூநல்: ஒன்றுமில்லாததை உருவாக்கித் தரும் நிரல்

நில அதிர்வுத் தரவில் சாய்வைப் பார்த்து அலைகளைப் பிரிக்கும் சரிவு வடிகட்டியை ஓட்டிவிட்டுப் படத்தைத் திறந்தேன். அளவீட்டுக் கோட்டின் வலது ஓரத்தில் இருந்த பலமான பிரதிபலிப்பின் வால் இடது ஓரத்தில் மங்கலாக எட்டிப் பார்த்தது. வடிகட்டி பயன்படுத்தும் ஃபூரியே கணக்குக்கு ஓரம் என்பதே கிடையாது. வலப்பக்கம் முடிந்த இடத்தில் இடப்பக்கம் தொடங்குவதாகவே அது எடுத்துக்கொள்ளும். இரு பக்கமும் வெற்று ட்ரேஸ்களை (ஒரு ட்ரேஸ் என்பது ஓரிடத்தின் அதிர்வுப் பதிவு) சேர்த்து இடைவெளி விடுவதுதான் பழைய வைத்தியம். அதற்கு, நில அதிர்வுத் தரவைக் கட்டளைகளால் கையாளும் சைஸ்மிக் யூனிக்ஸ் (எஸ்யூ) என்ற மென்பொருள் தொகுப்பைத்தான் நாடினேன். இலவசம், மூல நிரலோடு கிடைக்கிறது. பொத்தான், மெனு எதுவும் இல்லை.

அதிலுள்ள எஸ்யூநல் நிரல் செய்வது ஒரே வேலை: கேட்ட நீளத்தில், கேட்ட எண்ணிக்கையில், சுழி மட்டுமே நிரம்பிய ட்ரேஸ்களைத் தரும். என் கோட்டில் 480 ட்ரேஸ்கள், ஒவ்வொன்றிலும் சீரான நேர இடைவெளியில் எடுத்த 1501 மாதிரிகள், சிடிபி எண் (கோட்டில் ட்ரேஸின் இடத்தைக் குறிப்பது) 101 முதல் 580 வரை. பக்கத்துக்கு 64 வெற்று ட்ரேஸ்கள் செய்து, யூனிக்ஸின் சாதாரண கேட் கட்டளையால் இடது, தரவு, வலது என்று ஒட்டினேன். செக்-ஒய் என்ற பொதுக் கோப்பு வடிவத்தில் முதலில் வருவதுபோல எஸ்யூ கோப்பில் 3600 பைட் தலைப்பு இல்லாததால் இப்படி ஒட்ட முடிகிறது. இந்த எளிமைக்காகவே இதை எனக்குப் பிடிக்கும்.

முதல் முயற்சி உடனே நின்றது. மாதிரி எண்ணிக்கை முதல் ட்ரேஸோடு ஒத்துப்போகவில்லை என்று செய்தி. பிழை என்னுடையது: 1501-க்குப் பதில் 1500 என்று தட்டியிருந்தேன். இப்படி முகத்தில் அடித்தாற்போல் சொல்லும் பிழையோடு எனக்குச் சண்டையில்லை. சத்தமே போடாதவைதான் ஆபத்து. மாதிரி இடைவெளியை எஸ்யூநல்லிடம் வினாடியில் 0.002 என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு ட்ரேஸுக்கும் முன்னால் உள்ள ஹெடரிலோ (விவரக் குறிப்பு) அது மைக்ரோவினாடியில் 2000 என்று இருக்கும். சொல்ல மறந்தால் 0.004 என்று தானே வைத்துக்கொள்ளும், முணுமுணுப்பே இல்லாமல்.

ஹெடரில் சிடிபி, ஆஃப்செட் (அதிர்வு மூலத்துக்கும் ஏற்பிக்கும் இடையிலான தூரம்), ஆயத்தொலைவுகள் எதையும் எஸ்யூநல் நிரப்பாது. அப்படியே விட்டு ஆஃப்செட் வாரியாக அடுக்கினால், வெற்று ட்ரேஸ்கள் எல்லாம் சுழி ஆஃப்செட்டில் போய்க் குவியும். ஹெடர் மதிப்புகளைப் போடும் எஸ்யூஷ்வ் நிரலைக் கொண்டு இடப்பக்கத்துக்கு 37-இல் தொடங்கி ஒவ்வொன்றாக ஏறும் சிடிபி எண்ணும், வலப்பக்கத்துக்கு 581-இலிருந்தும் போட்டேன். கூடவே ட்ரேஸ் வகையை 2, அதாவது செத்த ட்ரேஸ், என்று குறித்தேன். ஆறு மாதம் கழித்துக் கோப்பைத் திறக்கும்போது எது தரவு, எது வெற்று நிரப்பு என்று நானே குழம்பக் கூடாது அல்லவா!

சரிபார்ப்புக்கு எனக்குக் கோப்பின் எடையே போதும். 240 பைட் ஹெடர், 1501 மாதிரிக்கு நான்கு நான்கு பைட்டாக 6004, ஆக ட்ரேஸுக்கு 6244. மொத்தம் 608 ட்ரேஸ், 37,96,352 பைட். ஒரு பைட் பிசகினாலும் திரும்பப் போய்த் தேட வேண்டியதுதான்.

உதவிப் பக்கம் பற்றி ஒரு வார்த்தை: நிரலின் பெயரை மட்டும் தட்டினால் விளக்கம் வந்துவிடும். ஆனால் சுருக்கமோ சுருக்கம். ஹெடரை நிரப்புவது உன் பாடு என்று புதியவருக்கு அது உறைக்கும்படி சொல்வதில்லை. மதிப்பெண் குறைப்பதென்றால் அதற்குத்தான் குறைப்பேன்.

வடிகட்டியை மறுபடி ஓட்டி, ட்ரேஸ்களைத் தேர்ந்தெடுக்கும் எஸ்யூவிண்ட் நிரலால் சிடிபி 101 முதல் 580 வரை வெட்டி எடுத்தேன். 480 ட்ரேஸ்கள் கைக்குத் திரும்பின; இடது ஓரத்தில் அந்த வால் இல்லை.