சினைப்பைப் புற்றுநோய்: டெஸ்ட் எடுத்துக்கொண்டே இருப்பதா, முன்கூட்டியே ஆபரேஷனா?

பரம்பரையாக வரும் பி.ஆர்.சி.ஏ.1 மரபணுக் கோளாறு (இது மார்பகப் புற்று ஆபத்தையும் கூட்டும்) உள்ள பெண்களில் 100-க்குச் சுமார் 44 பேருக்கு, 80 வயதுக்குள் சினைப்பைப் புற்றுநோய் வருகிறது. பி.ஆர்.சி.ஏ.2 என்றால் சுமார் 17 பேருக்கு. "அடிக்கடி டெஸ்ட் எடுத்துப் பார்த்தால் போதாதா?" என்றுதான் இந்தக் குடும்பங்களில் முதலில் கேட்கிறார்கள். போதாது.

டெஸ்ட் என்றால் இரண்டுதான்: ரத்தத்தில் சி.ஏ.125 என்ற புரதத்தின் அளவைப் பார்க்கும் பரிசோதனை, பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேன். ஃபைப்ராய்டு இருந்தாலும், மாதவிடாய் நாளிலும், நம் ஊரில் அரிதல்லாத வயிற்று டிபியிலும் சி.ஏ.125 ஏறும். ஆனால் ஆரம்பநிலைப் புற்று உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏறாது. ஸ்கேனும் கைகொடுப்பதில்லை. மிக மூர்க்கமான வகை பெரும்பாலும் கருக்குழாயின் நுனியில்தான் தொடங்குகிறது; சினைப்பை வீங்கித் தெரிவதற்குள் வயிற்றுக்குள் பரவிவிடும்.

பிரிட்டனில் சாதாரண ஆபத்துள்ள 2 லட்சம் பெண்களிடம் இதைச் சோதித்தார்கள். ரத்தப் பரிசோதனை நோயைச் சற்று முன்னதாகப் பிடித்தது, சாவு குறையவில்லை என்று 2021-இல் முடிவு வந்தது. அதிக ஆபத்துள்ள 4,348 பேருக்கு 4 மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்த இன்னோர் ஆய்விலும் முற்றிய நிலை குறைந்தது; உயிர் காத்ததாக நிரூபணமாகவில்லை.

சினைப்பைகளையும் குழாய்களையும் எடுத்துவிட்டால் ஆபத்து 80 சதவீதம் வரை குறைகிறது. குழந்தைப்பேறு முடிந்தபின், பி.ஆர்.சி.ஏ.1-க்கு 35-40 வயதிலும் பி.ஆர்.சி.ஏ.2-க்கு 40-45 வயதிலும் பரிந்துரைக்கிறார்கள். நடிகை ஏஞ்சலினா ஜோலி 2015-இல் செய்துகொண்டது இதைத்தான். அவருடைய சி.ஏ.125 சரியாகவே இருந்தது. ஆனாலும் இதே நோய்க்கு அம்மாவை 56 வயதில் பறிகொடுத்தவர் அவர். விலையும் சின்னதல்ல: மாதவிடாய் சட்டென்று நின்று, உடம்பு தகிக்கும், தூக்கம் கெடும், எலும்பு தேயும். மார்பகப் புற்று வராதவர்கள் சுமார் 50 வயதுவரை ஹார்மோன் எடுக்கலாமா என்று ஆபரேஷனுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். எடுத்த குழாய்களை மெல்லிய துண்டுகளாக நறுக்கிப் பரிசோதிப்பார்களா என்றும் கேளுங்கள். ஒளிந்திருக்கும் புற்று சிலசமயம் அங்கேதான் அகப்படும்.

குழாயை மட்டும் முதலில் எடுத்து, சினைப்பையைப் பிறகு எடுப்பது நல்ல யோசனைதான். ஆனால் பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் அதை இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

சரி, இன்னும் குழந்தை வேண்டும் என்பவர்கள்? அதுவரை டாக்டர் சொன்னபடி டெஸ்ட் எடுக்கலாம். ஆனால் வயிற்று உப்புசமோ, கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைவதோ சில வாரம் நீடித்தால், போன மாத ரிப்போர்ட் நார்மல் என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள்.