வாசலுக்கே வந்து பைக் பார்க்கிறோம் என்கிற ஆப்: 7,340 ரூபாய் போச்சு, உஷார்

போனது 7,340 ரூபாய். வண்டியில் இருந்த கோளாறு துருப்பிடித்த ஒரே ஒரு போல்ட். நேற்று சாயங்காலம்தான் இது தெரியவந்தது, இன்னும் கை நடுங்குகிறது, எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெயரைப் போடப் போவதில்லை. ஆப்பில் புக் செய்தால் மெக்கானிக்கை வீட்டு வாசலுக்கே அனுப்பும் வகையறா. சென்னையில் இருப்பவர்களுக்கு விளம்பரம் கண்ணில் பட்டிருக்கும். பேட்டரி, ஸ்டார்ட்டிங் கோளாறை நாமே கண்டுபிடிப்பது எப்படி என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

வண்டி 150 சிசி, 2018 மாடல், கிக்கர் உண்டு. காலையில் செல்ஃபை அழுத்தினால் எஞ்சின் சுற்றவில்லை. சீட்டுக்கு அடியில், ஸ்டார்ட்டர் மோட்டாருக்குக் கரண்ட் விடுகிற ரிலே மட்டும் டக் டக் டக் என்று அடிக்கிறது, மீட்டர் லைட் மங்கி அணைகிறது. உதைத்தால் கிளம்பிவிடும். ஆபீஸ் போகிற அவசரத்தில் தினமும் சட்டை நனைய உதைத்துக்கொண்டிருக்க முடியாது என்றுதான் ஆப்பில் புக் செய்தேன்.

வந்த பையனைப் பார்த்தால் யாருக்கும் நம்பிக்கை வரும். கம்பெனி டீஷர்ட், கழுத்தில் அடையாள அட்டை. தரையில் துணியை விரித்து ஸ்பேனர்களை வரிசையாக அடுக்கினான். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கருவியை எடுத்து பேட்டரியின் இரண்டு முனையிலும் கிளிப்பை மாட்டினான். திரையில் சிவப்பாக ‘மாற்றவும்’ என்று வந்தது. அதை எனக்குத் திருப்பிக் காட்டி, “நீங்களே பாருங்கண்ணா, நான் சொல்லல, மெஷின் சொல்லுது” என்றான். மெஷினே சொன்ன பிறகு மனுஷன் என்ன பேச முடியும்? டீ கொடுத்தால் வேண்டாம் என்றான். டிப்ஸ் கொடுத்தேன், அதையும் வாங்கவில்லை. “அஞ்சு ஸ்டார் மட்டும் போட்டுடுங்கண்ணா.” போட்டேன்.

பேட்டரியும் விசிட் சார்ஜும் சேர்த்து 2,750 ரூபாய். பழைய பேட்டரியை அவனே பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனான். உள்ளே இருக்கிற ஈயத்துக்காகவே பழைய பேட்டரிக்கு எந்தக் கடையிலும் விலை உண்டு. பில்லில் அதற்காக ஒரு ரூபாய் கூடக் கழிக்கவில்லை.

சில நாள் வண்டி ஜோராக ஓடியது. அப்புறம் ஒரு மழை பெய்தது, மறுபடி அதே டக் டக் டக்.

இந்தத் தடவை வேறு ஆள். கருவி எதையும் வெளியே எடுக்கவில்லை. செல்ஃபை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, “புது பேட்டரிக்கே சார்ஜ் ஏறல சார். ஸ்டேட்டர் காயில் போயிருக்கு, ஆர்ஆர் யூனிட்டும் அடிச்சிருக்கும். இப்படியே ஓட்டினா புது பேட்டரியும் காலி” என்றார். எஞ்சின் ஓடும்போது கரண்ட் உண்டாக்குவது ஸ்டேட்டர் காயில். அதைச் சீராக்கி பேட்டரிக்கு அனுப்புவது ஆர்ஆர் யூனிட், அதாவது ரெகுலேட்டர் ரெக்டிஃபயர். 2,750 ரூபாய் கொடுத்து வாங்கிய பேட்டரியும் போய்விடும் என்றால் பயம் வராதா? வண்டியை அவர்கள் ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப்போனார்கள். அன்று இரவே திரும்பி வந்தது. 4,590 ரூபாய் பில், கூடவே போட்டோ ஒன்று: செய்தித்தாள் மேல் ஒரு கருகிய காயில். அது யார் வண்டியுடைய காயிலோ, அந்தக் கடவுளுக்கே வெளிச்சம்.

வண்டியை விட வந்தவர், “ஓடிபி சொல்லுங்க சார், வண்டியை ஒப்படைச்சேன்னு என்ட்ரி போடணும்” என்றார். சொன்னேன். அந்த ஓடிபிக்கு அவர்கள் வைத்திருக்கும் அர்த்தம் ‘வேலை திருப்தி, புகார் இல்லை’ என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆக மொத்தம் 7,340 ரூபாய். அடுத்த மழைக்கே வண்டி மறுபடி டக் டக் டக்.

நேற்று தாம்பரம் பக்கம் எங்கள் தெருமுனையில் கடை வைத்திருக்கும் பாயிடம் தள்ளிக்கொண்டு போனேன். வோல்ட் அளக்கிற மல்டிமீட்டரை எடுத்து நேராக பேட்டரி முனையிலேயே வைத்தார். 12.6 வோல்ட் காட்டியது. “செல்ஃப் அழுத்து தம்பி” என்றார். ரிலே அடித்தது, மீட்டரில் எண் 12-க்குக் கீழே இறங்கவே இல்லை. “பேட்டரி செத்திருந்தா இந்நேரம் 9, 8-னு விழுந்திருக்கும். பேட்டரி நல்லாத்தான் இருக்கு, கரண்ட்டு போற வழிதான் அடைச்சிருக்கு.” அடுத்து மீட்டரின் ஒரு குச்சியை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை எஞ்சின் மேலும் வைத்து மறுபடி அழுத்தச் சொன்னார். அரை வோல்ட் கூடத் தாண்டக் கூடாத இடத்தில் 6 வோல்ட் காட்டியது, அதாவது அடைப்பு நெகட்டிவ் பக்கம்தான்.

நெகட்டிவ் ஒயர் வண்டியின் இரும்புச் சட்டமான சேஸிஸில் முடுக்கப்பட்டிருக்கும் இடத்தைத் திறந்தார். போல்ட்டைச் சுற்றி துரு, ஒயர் முனையில் பச்சை பூத்திருந்தது. கழற்றி உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, இறுக்கி முடுக்கி, மேலே கொஞ்சம் வாஸ்லைன் தடவினார். செல்ஃபைத் தொட்டதும் வண்டி பற்றிக்கொண்டது. அப்படியென்றால் புது பேட்டரி போட்டதும் ஏன் சரியாக ஓடியது என்று கேட்டேன். முழு சார்ஜில் இருக்கிற பேட்டரி அந்த அரைகுறை இணைப்பிலும் சில நாள் முட்டித் தள்ளிவிடுமாம், மழையில் நனைந்து இணைப்பு இன்னும் கெட்டதும் அதுவும் முடியாதாம். பழைய பேட்டரியையும் ஒரு ராத்திரி சார்ஜில் போட்டிருந்தால் ஓடியிருக்கும் என்றார். சார்ஜ் இறங்கிய பேட்டரியையும் சில நேரம் முதல் பையன் மாட்டிய அந்தக் கருவி கெட்டது என்றே காட்டும், சார்ஜ் ஏற்றிவிட்டு மறுபடி வைத்துப் பார்க்க வேண்டுமாம்.

பிறகு அவர் காட்டியதைப் பார்த்துத்தான் ரத்தம் கொதித்தது. காயில் மாற்ற வேண்டுமானால் எஞ்சினின் இடதுபக்க மேக்னட் கவரைக் கழற்றியே ஆக வேண்டும். அந்தக் கவரின் போல்ட் குழிகளில் பழைய சேறு காய்ந்து கல்லாகக் கிடக்கிறது. ஒரு போல்ட்டில் கூட ஸ்பேனர் பட்ட தடம் இல்லை. கவர் இடுக்கை அடைக்கிற பேக்கிங்கும் சுற்றிலும் பழசு. காயிலைத் தொடவே இல்லை, ஆனால் அதற்குக் காசு வாங்கியிருக்கிறார்கள்! ஆர்ஆர் யூனிட்டை மட்டும் மாற்றியிருக்கிறார்கள், அதுவும் கம்பெனி பெயரே இல்லாத சரக்கு. எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தால் பேட்டரியில் 14.1 வோல்ட் வருகிறது, அதாவது சார்ஜ் சரியாகவே ஏறுகிறது. ‘கருகிப்போன’ அந்தப் பழைய காயில்தான் அதைக் கொடுக்கிறது. பாய் வாங்கியது 100 ரூபாய்.

நேற்று இரவே கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். முதலில் பேசிய பெண், “ஓடிபி கொடுத்து ஜாப் க்ளோஸ் ஆயிடுச்சு சார்” என்றார். கவரைக் கழற்றவே இல்லை, போட்டோ அனுப்புகிறேன் என்றேன். “எலெக்ட்ரிக்கல் பார்ட்ஸுக்கு வாரன்ட்டி கிடையாது சார்.” அம்மா, நான் வாரன்ட்டியே கேட்கவில்லை, போடாத பொருளுக்கு வாங்கிய காசைத்தானே கேட்கிறேன்! லைனை மாற்றினார்கள், பாட்டு ஓடியது, கட் ஆனது. அடுத்து பேசியவர், அந்த டெக்னீஷியன் இப்போது எங்களிடம் வேலையில் இல்லை என்றார். சரி, கழற்றிய காயிலைக் கொடுங்கள் என்றால், பழைய பாகங்களை உடனே அப்புறப்படுத்துவதுதான் கம்பெனி பாலிசியாம். இன்று காலை ஒரு மெசேஜ்: ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது.’ கூடவே அடுத்த சர்வீஸுக்கு 200 ரூபாய் தள்ளுபடிக் கூப்பன். என் 7,340 ரூபாய்க்கு 200 ரூபாய் கூப்பன், அதுவும் மறுபடி அவர்களிடமே போனால்தான்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். பில், போட்டோ, சேறு காய்ந்த போல்ட்டை எடுத்த வீடியோ எல்லாம் பத்திரமாக இருக்கிறது.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது. அவசரமாக இவ்வளவுதான். மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்தான், ஒன்று வாங்கி வையுங்கள். வண்டி ஒரு ராத்திரி சும்மா நின்ற பிறகு பேட்டரியில் 12.5 வோல்ட்டுக்கு மேல் இருந்தால், பேட்டரியை மாற்றச் சொல்கிறவனிடம் ஏன் என்று கேளுங்கள். எஞ்சின் ஓடும்போது 13.5-லிருந்து 14.5-க்குள் வந்தால் சார்ஜிங் சரியாக இருக்கிறது, காயில் கதையை நம்பாதீர்கள். எதை மாற்றினாலும் கண் முன்னால் மாற்றச் சொல்லுங்கள், கழற்றிய பாகத்தைக் கையில் வாங்குங்கள், பழைய பேட்டரிக்குக் காசைக் கழிக்கச் சொல்லுங்கள். வண்டியை நாலு நாள் ஓட்டிப் பார்க்கிற வரைக்கும் ஓடிபி கொடுக்காதீர்கள். கொடுக்காவிட்டால் வண்டியை விடமாட்டோம் என்று மிரட்டினால், அதை அப்படியே வீடியோ எடுங்கள்.