புறக்கோட்டைக்கு வயர் வாங்கப் போகிறவர்கள் ஒரு காந்தம் கொண்டுபோங்கள்

போன மாதம் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு சின்னக் கடையில் சிவப்பு, கறுப்பு இரட்டை வயர் ஒரு சுருள் வாங்கினேன். பக்கத்துக் கடையைவிட 600 ரூபா குறைவு. "இது செம்புதானே அண்ணா?" என்று கேட்டேன். "சுத்தச் செம்பு தம்பி, பாருங்கோ" என்று நுனியைச் சீவிக் காட்டினார். உள்ளே செக்கச்செவேலென்று இருந்தது. போதாததற்கு ஒரு பற்றரியும் எல்இடி பல்பும் எடுத்துச் சுருளின் இரண்டு முனைகளிலும் கொடுத்து எரித்தும் காட்டினார். நம்பி வாங்கிவிட்டேன்.

அக்காவின் மகள் தரம் 9 படிக்கிறாள். பள்ளிக் கண்காட்சிக்காக, மண் காய்ந்தால் தானாகத் தண்ணீர் விடும் கருவி ஒன்றை அவளும் நானும் செய்துகொண்டிருந்தோம். வெள்ளவத்தையில் எங்கள் மாடிவீட்டு பல்கனியில் பூச்சாடிகள், பவர் சப்ளை உள்ளே அறையில். நடுவில் 6 மீற்றர் வயர். பம்பைப் போட்டு நிறுத்தும் சுவிட்சான ரிலே டிக்கென்று விழும், பம்ப் முனகும், தண்ணீர் குழாயில் பாதி உயரம் ஏறி அப்படியே நின்றுவிடும்.

பிள்ளை தன் புரோகிராமில்தான் பிழை என்று நினைத்துவிட்டாள். பம்ப் ஓடும் நேரத்தை 5 வினாடியிலிருந்து 10 ஆக்கினாள், பிறகு 20 ஆக்கினாள். இரவு பதினொரு மணிக்கும் ஒவ்வொரு வரியாகத் திரும்ப வாசித்துக்கொண்டிருப்பாள். ரிலேயை மாற்றினோம், பம்பையும் மாற்றினோம். வயர்மீது எனக்குச் சந்தேகமே வரவில்லை. மல்டிமீற்றரை வைத்தபோது கீச்சென்று சத்தம் வந்ததே! ஆனால் சில ஓம் தடை இருந்தாலும் அந்தச் சத்தம் வரும். வயர் அறுந்திருக்கவில்லை என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி.

கண்காட்சி முடிந்து நாலு நாள் கழித்துத்தான் பம்ப் ஓடும்போதே வோல்ட் அளந்து பார்க்கத் தோன்றியது. சப்ளையில் 12.1, பம்பின் முனையில் 9.4. சரி என்று வயரைக் கழற்றிப் பார்த்தால், வெட்டிய நுனியில் பழுப்புத் துரு. கடற்காற்றில் செம்பு கறுக்கும், பச்சை படியும், இப்படித் துருப்பிடிக்காது. பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனேன். பிளாஸ்டிக் உறைக்கு மேலாகவே வயர் போய் ஒட்டிக்கொண்டது. உருக்குக் கம்பிக்குச் செம்புப் பூச்சு.

சாதாரண உருக்கின் தடை செம்பைப் போல எட்டுப் பத்து மடங்கு. எங்கள் வயரின் தடிப்புக்கு, போகவர 12 மீற்றருக்குச் செம்பென்றால் 1 ஓமுக்கும் குறைவு. இதில் 5 ஓமுக்கு மேல் காட்டியது. எல்இடிக்குத் தேவை 20 மில்லிஅம்பியர்தான். அதற்கு 5 ஓம் தடையில் இழப்பு 0.1 வோல்ட், கண்ணுக்கே தெரியாது. அரை அம்பியர் இழுக்கும் பம்புக்கோ இரண்டரை வோல்ட் போய்விடும். கடையில் பல்ப் எரிந்ததை இனி யாரும் சாட்சியாக எடுக்காதீர்கள்.

உருக்கு என்றாலே கூடாது என்று நான் சொல்லவில்லை. ரெசிஸ்டர் கால்களில் பலவும் செம்பு பூசிய உருக்குத்தான், காந்தத்தில் ஒட்டும், அதனால் ஒரு குறையும் இல்லை. உருக்கை உருக்கென்று சொல்லி விற்றிருந்தால், மின்சாரம் மிகக் குறைவாக இழுக்கும் மண் ஈர சென்சருக்கு மட்டும் பாவித்திருப்பேன்.

திரும்பக் கொண்டுபோனபோது, "வெட்டின வயரை மாத்தேலாது" என்றார். என் கையில் இருந்தது 'வயர்' என்று மட்டும் எழுதிய துண்டுச்சீட்டு. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு எடுத்து முறையிடலாம்தான். ஆனால் செம்பென்று சொல்லி விற்றதற்கு என்னிடம் எழுத்தில் எதுவும் இல்லை. பற்றுச்சீட்டில் 'செம்பு வயர்' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் வாங்க வேண்டாம்.

காந்தம் ஒட்டவில்லை என்பதற்காகவும் உடனே காசைக் கொடுத்துவிடாதீர்கள். அலுமினியத்துக்குச் செம்பு பூசியதும் சந்தையில் உண்டு, அது காந்தத்தில் ஒட்டாது. நுனியை பிளேடால் நன்றாகச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும், சுருளும் கைக்கு இலேசாக இருக்கும். உருக்கு என்றால் வளைத்துவிட்டதும் வில் மாதிரி நிமிரப் பார்க்கும், கட்டரின் வாயிலும் பள்ளம் விழும். என்னுடைய கட்டரில் இரண்டு பள்ளம் இருக்கிறது.

நான் வாங்கிய சுருள் ஒற்றை இழை, 0.6 மில்லிமீற்றர், மஞ்சள் அட்டையில் சுற்றியது, அட்டையில் தயாரித்தவர் பெயர் இல்லை. இதே மாதிரி வயர் வீட்டில் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே காந்தம் வைத்துப் பாருங்கள்.