கலப்பையா, தண்ணீர் ஜெட்டா: மொரிசியஸ் கடலில் மின்கேபிளை அடிபடாமல் புதைக்க எது தேவலை?

இன்டர்நெட் கேபிள் 2002இலேயே நம் தென்கரையில் பே ஜாக்கோட்டேயில் கரையேறிவிட்டதே, பக்கத்துத் தீவான ரியூனியனிலிருந்து ஒரு கரண்ட் கேபிள் இழுத்தால் என்ன என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. இழுக்கலாம், ஆனால் நடுவில் கடல் 4,000 மீட்டருக்கு மேல் ஆழம். ஆழ்கடல் இன்டர்நெட் கேபிள் கட்டைவிரல் பருமன்தான். மின்கேபிளோ மீட்டருக்கே பல பத்து கிலோ. கப்பலிலிருந்து தரை வரை தொங்குகிற எடை முழுவதையும் அதன் மேல்முனை தாங்கியாக வேண்டும். இத்தாலியின் சாபெய் மின்கேபிள் 1,640 மீட்டர் இறங்கியதே பெரிய காரியம். ஆகவே அதை விடுங்கள். கரையோரக் கடலில் ஒரு காற்றாலை வந்தால் அதன் கேபிளை எப்படிப் புதைப்பது என்பதுதான் பேசத்தக்க கேள்வி.

முதல் வழி கலப்பை. கப்பல் கேபிளை விட்டுக்கொண்டே போகும், பின்னால் இழுபடும் கலப்பை அதே நேரத்தில் பள்ளம் பறித்து உள்ளே அழுத்திவிடும். விட்ட உடனே கேபிளுக்குப் பாதுகாப்பு, இறுகிய களிமண்ணிலும் வேலை நடக்கும். வட கடலில் மீன்பிடி டிராலர்கள் அடித்தரையைச் சுரண்டிக்கொண்டு திரிவதால் அங்கே இது பெரிய வசதி. சிக்கல் என்னவென்றால் கேபிள் இயந்திரத்துக்குள் நுழைந்துதான் வெளியே வருகிறது, அதனால் ஒரு பாறையில் கலப்பை மாட்டித் திடீரென்று நின்றாலோ எகிறினாலோ அந்த அதிர்ச்சி நேராகக் கேபிளின்மேல் இறங்கும். வளைவுக்கும் ஒரு எல்லை இருக்கிறது: பொதுவாக விட்டத்தைப்போல் 15, 20 மடங்கு ஆரத்துக்குக் குறைந்து மடங்கக்கூடாது. உள்ளே ஈய உறை நசுங்கினால் வெளியில் ஒன்றும் தெரியாது, பல மாதம் கழித்துத் தண்ணீர் புகுந்து வெடிக்கும்போதுதான் விஷயம் புரியும்.

இரண்டாவது ஜெட், அதாவது முதலில் போட்டுவிட்டு அப்புறம் தண்ணீரைப் பீய்ச்சிப் புதைப்பது. ரோபோ ஒன்று கேபிளின்மேல் ஊர்ந்து இரண்டு பக்கமும் தண்ணீரைப் பீய்ச்சும், மணல் குழம்பாகி, கேபிள் தன் எடையிலேயே அடியில் போய் உட்காரும். இழுவையோ வளைப்போ பெரிதாகக் கிடையாது. ஆனால் மணலிலும் மென்களிமண்ணிலும்தான் பலிக்கும். போடும்போது இழுவையை ரொம்பத் தளர்த்திவிட்டால் தோட்டத்து ரப்பர் குழாய்போல் தரையில் சுருள் விழும், அதற்குமேல் ரோபோ ஓடினால் கதை முடிந்தது. புதைக்கும்வரை கேபிள் திறந்த வெளியில் கிடப்பது இன்னொரு குறை.

எனக்கு இரண்டாவதுதான் சரி. இங்கே டிராலர்கள் மொய்ப்பதில்லை, எனவே கலப்பையின் பெரிய லாபம் நமக்குப் பாதிதான் தேறும். போர்ட் லூயித் துறைமுக வாசலில் நங்கூர பயம் உண்டு, அந்தப் பக்கம் பாதையைக் கொண்டுபோகாமல் இருந்தால் போதும். அதைவிட முக்கியமான ஒன்று: போட்டு முடித்ததும் சோதிக்கலாம், புதைத்த பிறகு மறுபடி சோதிக்கலாம். கேபிளுக்குள் ஓடும் ஒளியிழையில் வெளிச்சம் அனுப்பிப் பார்த்தால் எந்த இடத்தில் இழுபட்டிருக்கிறது என்று ஓரளவு தெரிந்துவிடும். அடி விழுந்தது போடும்போதா, புதைக்கும்போதா என்ற சண்டைக்கு இடமில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் செய்தால் அந்த வசதி போய்விடும், அதோடு பழுதைப் பார்க்கவே திரும்பத் தோண்ட வேண்டியிருக்கும்.

எரிமலைப் பாறை வருகிற இடத்தில் இரண்டும் உதவாது. வார்ப்பிரும்பு உறை மாட்ட வேண்டும், அல்லது மேலே கல் கொட்ட வேண்டும். நான் உறைக்குத்தான் கை தூக்குவேன், ஏனென்றால் கல் விழுவதே ஒரு அடி. ஆனால் உறையைச் சரியாக இறுக்காமல் விட்டால் அலையில் ஆடி ஆடிக் கேபிளையே அது தேய்க்கும். பவளத்திட்டில் பள்ளம் வெட்டவே வேண்டாம், கீழாகத் துளையிட்டுக் குழாய் வழியே இழுத்துக்கொள்ளலாம். செலவு கூடும், இழுவை எல்லையைக் கருவியில் பார்த்தபடியே இழுக்க வேண்டும்.

பருவத்தையும் கணக்கில் வையுங்கள். நவம்பரிலிருந்து ஏறக்குறைய மே வரை புயல், அது போனால் தென்கிழக்குக் காற்றின் அலை. கப்பல் அலையில் ஒரே இடத்தில் நின்று ஆடினால் கேபிள் அதே புள்ளியில் மீண்டும் மீண்டும் வளைந்து ஈய உறை களைத்துப்போகும். கலப்பை கூட இருந்தால் கப்பல் மெதுவாகத்தான் நகர முடியும், வெறுமனே போடுவது சீக்கிரம் முடியும். கேபிள் தரையில் படுத்த பிறகு கடல் கெட்டால் ரோபோவை மேலே ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குத் திரும்பி, அடுத்த நல்ல வாரத்தில் விட்ட இடத்திலிருந்து புதைக்கலாம்.