கடைசி நேர புக்கிங்: ஒரு ஹோஸ்ட்டின் சில வருட அனுபவம்

குறுகிய கால வாடகைக்கு வீடு விடுகிறவர்களிடம் கடைசி நேர புக்கிங் பற்றிக் கேட்டால், பேச்சு நேராகத் தள்ளுபடிக்குத்தான் போகும். நான் சில வருடங்களாக, வீடுகளைக் குறுகிய காலத்துக்கு வாடகைக்கு விட உதவும் ஏர்பிஎன்பி தளத்தில் ஹோஸ்ட்டாக, அதாவது வீடு விடுபவராக, இருக்கிறேன். எனக்கு வரும் புக்கிங்குகளில் பெரும்பங்கு அன்றைக்கோ முந்தின நாளோ வருபவை. விலையெல்லாம் இரண்டாம்பட்சம் என்பதுதான் என் அனுபவம். வீடு தயாரா இல்லையா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

அடுத்த புக்கிங் இருக்கிறதோ இல்லையோ, கெஸ்ட் கிளம்பிய அன்றே சுத்தம் செய்து முடித்துவிட வேண்டும். எப்படியும் செய்யப்போகிற வேலை, கொடுக்கப்போகிற கூலி. நாள் மட்டும்தான் முன்னால் வருகிறது. ஒவ்வொரு கட்டிலுக்கும் மூன்று செட் விரிப்பு வைத்திருக்கிறேன்: ஒன்று மெத்தையில், ஒன்று துவைப்பில், ஒன்று அலமாரியில். துண்டுக்கும் அதே கணக்கு. வேலை முடிந்ததும் சுத்தம் செய்பவர் கட்டில், குளியலறைத் தரை, அடுப்பு மேடை, ஃப்ரிட்ஜின் உள்பக்கம் நான்கையும் போட்டோ எடுத்து அனுப்புவார். ஃப்ரிட்ஜைத்தான் எல்லோரும் திறந்து பார்க்க மறப்பார்கள். வந்த கெஸ்ட் முதலில் திறப்பதும் அதைத்தான். பல நாள் பூட்டிக் கிடந்தால் ஜன்னலைத் திறந்து, எல்லாக் குழாயிலும் தண்ணீர் விட வேண்டும். வடிகாலில் நிற்கும் தண்ணீர் வற்றினால் வாடை உள்ளே ஏறும்.

இது சரியாக இருந்தால் செட்டிங் விஷயம் சுலபம். முன்னறிவிப்பு நேரத்தை, அதாவது வருகைக்கு எவ்வளவு முன்பு புக் செய்ய வேண்டும் என்பதை, தளத்தில் ‘அதே நாள்’ என்று வைத்து, எத்தனை மணி வரை புக் செய்யலாம் என்பதையும் குறித்துவிடலாம். நான் மாலையோடு நிறுத்திக்கொள்கிறேன். அதற்கு மேல் வருகிறவருக்கு ஏதாவது உதவி தேவைப்பட்டால் ஓடிவர என்னால் முடியாது. வேறு வேலையும் பார்க்கிறவர்கள் ஒரு நாள் முன்னறிவிப்பு வைத்துவிட்டு, அதே நாள் கேட்பவர்கள் கோரிக்கை மட்டும் அனுப்பலாம் என்று விடுவது நல்லது. ஆனால் பதில் சொல்ல 24 மணி நேரம் இருக்கிறதே என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. பெட்டியோடு தெருவில் நிற்கிறவர் பத்து நிமிடத்தில் வேறு வீடு பார்த்துவிடுவார். அதனால்தான் என் சம்மதத்துக்குக் காத்திராமல் நேராக புக் செய்யும் உடனடி புக்கிங்கைத் திறந்தே வைத்திருக்கிறேன்.

ஒன்றுக்கு மேற்பட்ட தளங்களில் வீட்டைப் போட்டிருப்பவர்கள் இதில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். ஐகேல் (ஒரு தளத்தின் கேலண்டரை இன்னொன்றோடு பகிரும் முறை) லிங்க் போட்டு இணைத்த கேலண்டர்கள் உடனுக்குடன் புதுப்பித்துக்கொள்வதில்லை, மணிக்கணக்கில் பின்தங்கும். அடுத்த மாத புக்கிங்குக்கு அது பரவாயில்லை. இன்றைய இரவுக்கு இரண்டு பேர் புக் செய்துவிட்டால் என்ன செய்வது? ஏர்பிஎன்பி விதிப்படி, செக்-இன்னுக்கு 48 மணி நேரத்துக்குள் ஹோஸ்ட் ரத்து செய்தால் புக்கிங் தொகையில் 50% வரை அபராதம். சூப்பர்ஹோஸ்ட் (சிறந்த ஹோஸ்ட்டுகளுக்கு ஏர்பிஎன்பி தரும் அங்கீகாரம்) தகுதிக்கு ரத்து விகிதம் 1 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பதால் அந்தத் தகுதியும் ஆட்டம் காணும். என் தீர்வு எளிது: அதே நாள் புக்கிங்கை ஒரே ஒரு தளத்தில் மட்டும் திறந்து வைக்கிறேன், மற்றவற்றில் குறைந்தது ஒரு நாள் இடைவெளி.

தள்ளுபடிக்கு வருகிறேன். வருகைக்கு எத்தனை நாள் முன்பிருந்து கடைசி நேரத் தள்ளுபடி தொடங்க வேண்டும் என்று நாமே வைத்துக்கொள்ளலாம். நான் இரண்டு நாளுக்கு மேல் வைப்பதில்லை. வாரக்கணக்கில் வைத்தால், முழு விலைக்கு வரவிருந்தவரும் பொறுத்திருந்து பார்ப்பார். இரண்டு புக்கிங்குகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஒற்றை இரவுக்கு விலையைக் குறைப்பதை விட, அந்தத் தேதிக்கு மட்டும் குறைந்தபட்ச தங்கலை ஒரு இரவாக்குவது அதிகப் பலன் தருகிறது.

அவசரமாக வருகிறவர்களைச் சந்தேகத்தோடு பார்க்கும் பழக்கம் ஹோஸ்ட்டுகளிடம் நிறைய. எனக்கு அதில் உடன்பாடில்லை. மருத்துவமனையில் யாரையோ சேர்த்துவிட்டு வருகிறவர்கள், விமானத்தைத் தவறவிட்டவர்கள், வீட்டில் தண்ணீரோ மின்சாரமோ போனவர்கள், இப்படித்தான் பெரும்பாலும். பார்ட்டிக்காக எடுப்பவர்களும் உண்டு. ஏர்பிஎன்பி 2022 ஜூனில் பார்ட்டிகளை நிரந்தரமாகவே தடைசெய்துவிட்டது. எத்தனை பேர் வருகிறீர்கள், எத்தனை மணிக்கு வருவீர்கள் என்ற இரண்டு கேள்விகளை எல்லோரிடமும் கேட்கிறேன். நேர்மையாக வருகிறவர் சட்டென்று பதில் சொல்லிவிடுவார். மழுப்பினால், புக்கிங்கில் குறிப்பிட்ட ஆட்களின் எண்ணிக்கையையும் வீட்டு விதிகளையும் ஒருமுறை நினைவூட்டுவேன்.

கடைசியாக, வழி சொல்லும் செய்தி. முன்கூட்டியே புக் செய்தவர் ஆற அமரப் படிப்பார். இவர்கள் டாக்ஸியில் உட்கார்ந்து, சார்ஜ் தீரப்போகும் போனில் படிக்கிறார்கள். ஐந்தே வரி போதும்: முகவரி, மாடி, பூட்டின் எண், வைஃபை, என் நம்பர். கூடவே கேட், படிக்கட்டு, கதவு மூன்றின் படங்கள். அவற்றை இரவில்தான் எடுத்திருக்கிறேன், ஏனென்றால் இவர்களில் முக்கால்வாசிப் பேர் இருட்டிய பிறகே வருகிறார்கள். பகலில் எடுத்த படத்தில் பளிச்சென்று தெரியும் பச்சை கேட் இரவில் கறுப்பாகத்தான் தெரியும். நம்பர் பூட்டின் பேட்டரியை, அது தீர்வதற்கு முன்பே மாற்றிவிடுகிறேன். மாற்றுச் சாவி ஒன்று பக்கத்து வீட்டில் இருக்கிறது.