பாளையங்கோட்டையில் நினைவு மலர் அச்சடிப்பு: தாளுக்கு முழு மதிப்பெண், தமிழுக்குப் பாதி

டிஜிட்டல் அச்சகம் ஒன்றில் கொடுத்து வாங்கிய வேலை இது. கடைப் பெயர் வேண்டாம். இங்கே சொல்லும் கோளாறுகள் பல கடைகளில் உண்டு. ஓய்வுநாள் பள்ளி டீச்சராகவும் பெண்கள் ஐக்கிய சங்கத்திலும் காலமெல்லாம் உழைத்த பக்கத்து வீட்டு அம்மா ஒருவரின் முதலாம் ஆண்டு நினைவு ஸ்தோத்திர ஆராதனைக்காக, ஏ5 அளவில் அட்டை போக 16 பக்கம், 200 பிரதி.

தாளும் கட்டும் நன்று. உள்ளே 130 ஜிஎஸ்எம் (தாளின் கன அளவு) ஆர்ட் பேப்பர், அட்டை 300 ஜிஎஸ்எம், மேல் பளபளப்பில்லாத மேட் லேமினேஷன், நடுவில் இரண்டு ஸ்டேப்ளர் பின். ஏ4 தாளை மடித்துப் பின் அடிப்பதால் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். 14 பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தால் இரண்டு பக்கம் வெறுமையாக நிற்கும். மடிக்கும் முன் அட்டைக்குக் கிரீஸிங் (மடிப்பு வரும் இடத்தில் அழுத்திக் கோடு) போடுவார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். டிஜிட்டல் அச்சின் பொடி மையான டோனர் தாளுக்குள் ஊறாது, மேலேதான் படியும். கிரீஸிங் இல்லாமல் மடித்தால் முதுகுப் பக்கம் வெடித்து வெள்ளைக் கோடு தெரியும். கருநீல அட்டையில் அது கண்ணை உறுத்தும். இந்தக் கடையில் கேட்காமலே போட்டார்கள்.

சிக்கல் எழுத்தில். டைப்செட்டர் இன்னமும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் பழைய எழுத்துருவை வைத்துத்தான் வேலை செய்கிறார். நாம் வாட்ஸ்அப்பில் அனுப்புவது யூனிகோடு, அதாவது வேறு குறியீட்டு முறை. மாற்றி ஒட்டும்போது ‘ஸ்ரீ’, ‘க்ஷ’ இரண்டும் சிதைகின்றன. அந்த எழுத்துருக்களில் கொம்பு தனி எழுத்து என்பதால், நீளமான சொல் வரி ஓரத்தில் உடைந்தால் கொம்பு மேல் வரியிலும் எழுத்து கீழ் வரியிலும் போய் உட்காருகிறது. முதல் புரூஃபில் (திருத்திப் பார்க்கத் தரும் படியில்) இப்படி ஏழு இடம். புரூஃபை போனில் படமாகப் பார்த்துச் ‘சரி’ சொல்லிவிடாதீர்கள். தாளில் எடுக்கச் சொல்லி, வீட்டுக்காரர் ஒருவரும் சபையார் ஒருவரும் தனித்தனியே படியுங்கள்.

வசனத்தையும் கடைக்காரரே இணையத்திலிருந்து எடுத்துப் போட்டிருந்தார். ‘கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘ஆண்டவரே என் ஆயர்’. பொருள் ஒன்றுதான், ஆனால் அம்மாவின் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் வாசிக்கும் மொழிபெயர்ப்பு அதுவல்ல. அதிகாரம், வசன எண்ணோடு நீங்களே தட்டச்சு செய்து கொடுப்பது நல்லது.

பிறந்த தேதியில் கவனம் தேவை. அந்தத் தலைமுறையில் பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் குறித்த தேதி ஒன்று, உண்மையான தேதி வேறு என்பது சாதாரணம். ஆலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும்.

பழைய படங்களை போனில் படம் பிடித்து அனுப்பினால் கூழாகிவிடும். பாஸ்போர்ட் அளவுப் படத்தை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து, வாட்ஸ்அப்பில் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் சுருக்கிவிடும். கறுப்பு வெள்ளைப் படத்தைக் கிரேஸ்கேலுக்கு (நிறமில்லாத சாம்பல் சாயல்களுக்கு) மாற்றச் சொல்லவும் மறக்க வேண்டாம். கலரில் அப்படியே அடித்ததில் முதல் புரூஃபில் அம்மாவின் வெள்ளைச் சேலை லேசான பச்சையாக வந்தது.

பெரிய குறை கடையின் மாதிரிப் படிவம். பெற்றோர், படிப்பு, திருமணம், பணி, சபைப் பொறுப்பு, பேரப்பிள்ளைகள் என்று வரிசை. அதை நிரப்பினால் எந்த அம்மாவுக்கும் அந்த மலர் பொருந்தும். தெருக்காரர்களுக்கு அதில் ஒரு வரிகூட இடமில்லை. படிவத்தைத் தள்ளிவைத்து நான்கு பக்கம் தனியாகக் கேட்டதும் கடைக்காரர் தயங்கினார். லேஅவுட் கூலி ஏறியது. கொடுக்கலாம், தகும்.

அதில் ஒரு பக்கம் அம்மாவின் கையெழுத்து. கிறிஸ்துமஸுக்கு முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் கேக்கும் தட்டு போக வேண்டிய வீடுகளின் பட்டியல், கோடு போட்ட நோட்டில், பென்சிலில். 23 வீடு. ஐந்து வீட்டுக்கு எதிரே ‘முட்டை ஆகாது, கேக் வேண்டாம்’. ஒன்றில் ‘பாட்டிக்குப் பல் இல்லை, முறுக்குக்குப் பதில் ரவை லட்டு’. கடையில் இதை முதலில் வெறும் கறுப்பு வெள்ளை முறையில் ஸ்கேன் செய்ததில் பாதி வரி மறைந்தது. பென்சிலின் மெல்லிய கோட்டை அந்த முறை வெள்ளை என்றே எடுத்துக்கொள்ளும். கிரேஸ்கேலில் 400 டிபிஐ வைத்து, கான்ட்ராஸ்டைக் கொஞ்சம் ஏற்றியதும் அழித்து எழுதிய இடம்கூடத் தெரிந்தது.

பாட்டுகளுக்குக் கீர்த்தனை எண் மட்டும் போடாமல் எல்லா அடிகளையும் அச்சடியுங்கள். கூட்டத்துக்கு வரும் தெருக்காரர்கள் கையில் பாட்டுப் புத்தகம் இருக்காது.

ஏழு நாள் சொன்னார்கள், ஒன்பது நாள் ஆனது. பணம் கட்டும்போதே பிடிஎஃப் கோப்பையும் ஸ்கேன்களையும் பென்டிரைவில் வாங்கிவிடுங்கள்.